2032

பற்றரியின் முதுகில் 2032 என்று பொறித்திருந்தது.
அதுவரைக்கும் உழைக்கும் என்று நினைத்துவிட்டேன்.
லீசிங் கட்டி முடிவதே இருபத்தொன்பதில்தான்,
அதற்குப் பிறகும் மூன்று வருசம் மிச்சம்.
யப்பான்காரன் கணக்கில் கெட்டிக்காரன்.

ஏழு கிழமையில் செத்துப்போயிற்று.

ஒட்டுசுட்டானில்
மணிக்கூட்டுக் கடையையும் போன் கடையையும்
ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் நடத்துகிற அமலதாஸ்
சிரிக்கவில்லை. சிரிக்காததுதான் கூடச் சுட்டது.
"அது வருசமில்லை அக்கா, அளவு.
இருபது மில்லிமீற்றர் அகலம்,
மூன்று தசம் இரண்டு தடிப்பு.
ஒழுங்கா வைச்சிருந்தா ரெண்டு வருசம் போகும்.
வீட்டில எங்க கொழுவிறனீங்கள்?"

முன்கதவு ஆணியில்.
சுவருக்கு அங்கால் கார்.

"அப்ப ரெண்டும் விடிய விடியக் கதைச்சிருக்கும்" என்றான்.

அன்றிரவு அந்தச் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.
ஒரு கல் தடிப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
நிக்கிறியா? நிக்கிறன்.
நிக்கிறியா? நிக்கிறன்.
ஒரு பங்கருக்குள் இருந்து அடுத்த பங்கருக்கு
நாங்களும் அப்படித்தான் கத்திக் கேட்டோம், ஒரு மாசியில்.
அதில் எவ்வளவு தீர்ந்ததென்று
யாரும் அளந்து பார்க்கவில்லை.

எழும்பிப்போய் ஆணியைக் கழற்றினேன்.

இப்போது திறப்பு
குசினிக்குள், பிஸ்கற் தகரத்துக்குள் படுக்கிறது.
மூடியை அமத்தினால் கார் எவ்வளவு கூப்பிட்டாலும் கேளாது.
போனோடு சேர்த்து வைக்கிறதில்லை.
வெயிலில் டாஷ்போர்டில் விடுகிறதில்லை.
வயலுக்குப் போகும் பவானந்தனின் சேட்டுப் பொக்கற்றுக்குள்
ஒருபோதும் இல்லை; அவருடைய வேர்வைக்கு
இரண்டு போன் ஏற்கனவே பலி.
செத்த பற்றரிக்கு இரண்டு பக்கமும் ரேப் ஒட்டி
மேல்தட்டில் ஏற்றிவிட்டேன்.
மகிழினிக்கு ஒன்றரை வயது,
பளபளப்பெல்லாம் அவளுக்கு இனிப்பு.
தொண்டையில் இறங்கினால்
ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் சுட்டுவிடுமாம்.
மாஞ்சோலைக்கு எத்தனை கட்டை என்று எனக்குத் தெரியும்.

இவ்வளவு பார்த்தும்
கருவேலங்கண்டல் தாண்டி, பின்னேரம் ஆறு மணிக்கு,
முப்பது தட்டு முட்டையோடு நின்றேன்.
கயிறு தளர்ந்த சத்தம் கேட்டு இறங்கியதுதான் பிழை.
திரும்பி ஏறிப் பொத்தானை அமத்தினால்
திறப்பைக் காணவில்லை என்கிறது கார்.
என் கைக்குள் இருக்கிறதடி என்றேன்.
காணவில்லை என்றது.
(சந்தையில் ஐம்பது ரூபாய் என்று வாங்கிப் போட்ட பற்றரி.
அமலதாஸுக்கு இன்னும் சொல்லவில்லை.)

றோட்டில் யானை லத்தி.
ஆவி பறந்துகொண்டிருந்தது.

பிறகு நினைவு வந்தது, அவன் போகிறபோக்கில் சொன்னது:
"செத்தாலும் உள்ளுக்கு ஒரு சின்னச் சுருள் இருக்கு.
திறப்பின்ர மூக்கைப் பொத்தானில முட்டவிடுங்கோ.
பொத்தான் ஒரு மிடறு ஊட்டும்.
அந்த மிடறோட அது தன்ர பேரைச் சொல்லும்.
பேர் சரியெண்டால் காணும்."

முட்டவிட்டேன்.
வலப்பக்கம் ஏதோ ஒரு கொப்பு முறிந்தது.
பேரைச் சொல்லியிருக்க வேண்டும்;
டாஷ்போர்ட் பச்சையாக விழித்தது.
மூன்று முட்டை உடைந்ததை
புதுக்குடியிருப்பு வந்துதான் கண்டேன்.

எல்லாம் சரி.
ஒன்றுதான் சரியில்லை.
காரை விற்ற குருநாகல் மாத்தயா
ஒரு திறப்புத்தான் தந்தார்.
மற்றது துலைந்துவிட்டது என்றார், என் முகம் பார்க்காமல்.
எங்கோ ஒரு லாச்சிக்குள்
என் காரைத் திறக்கிற இன்னொன்று கிடக்கிறது.
இத்தனை வருசத்தில் அதன் பற்றரி செத்திருக்கும்
என்று சொல்லிக்கொண்டுதான் நித்திரைக்குப் போவேன்,
கருவேலங்கண்டல் வரைக்கும்.

இப்போது தெரியும்.
செத்ததும்
மூக்கை வைத்தால்
பேர் சொல்லும்.